செப்டிக் டாங்கும் நமது பொறுப்பும்

கிராமங்களில் வீட்டுக் கழிப்பிடங்கள் பெருகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அவற்றோடு, நிரம்பிய செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்யும் வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. வறுமையாலும் சாதி வழக்கத்தாலும் அவ்வேலை ஒரு சிலர் தலையிலேயே விழுகிறது. தொட்டிக்குள் இறங்கியவர் பிணமாக வெளிவருவதும், காப்பாற்றச் சென்றவரும் உடன் மாள்வதும் இன்றும் நின்றபாடில்லை.

காரணம் யாதெனில், காற்றோட்டமற்ற தொட்டியில் மலம் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் முதலிய வாயுக்கள் உண்டாகின்றன. கசடைக் கிளறியவுடன் அவை திடீரென்று வெளிப்படும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். விஷவாயு மிகுந்தாலோ மோப்ப சக்தியே மரத்துப்போகும். ஆகவே, நாற்றம் இல்லையென்றால் அபாயமும் இல்லையென்று எண்ணலாகாது. விளக்கை இறக்கிச் சோதிப்பதும் தவறு. மீத்தேன் தீப்பற்றும் வாயு.

சட்டம் சொல்வது என்ன? கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவின்படி, தனி நபரோ, பஞ்சாயத்தோ, வேறு ஸ்தாபனமோ, காப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றி எவரையும் இவ்வேலையில் நேரிலோ பிறர் மூலமாகவோ அமர்த்தலாகாது. முதற் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறைவாசமோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். குற்றம் மீண்டும் நிகழ்ந்தால் இவ்வரம்பு 5 ஆண்டாகவும் 5 லட்சமாகவும் உயரும். இது ஜாமீனில் விடத்தகாத குற்றமாகும். உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு வழங்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

"கான்ட்ராக்டரிடம் விட்டுவிட்டோம்", "அவரே சம்மதித்து இறங்கினார்" என்பன செல்லத்தக்க சமாதானங்கள் அல்ல. சட்டம் பொறுப்பைச் சுமத்துவது இறங்குபவர் மேல் அன்று, அமர்த்துபவர் மேலேயாம். வீட்டுக்காரரும் இதற்கு விலக்கல்லர்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. கழிவை உறிஞ்சும் லாரி கிடைக்குமிடத்தை அலுவலகத்தில் எழுதி வைக்கலாம். கசடு இறுகிப் போகுமுன், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியைக் காலி செய்யுமாறு மக்களுக்கு எடுத்துரைக்கலாம். எடுத்த கழிவு ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டப்படாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

புதிதாகக் கழிப்பிடம் கட்டுவோர், நிலம் இடங்கொடுக்குமாயின், இரட்டைக் குழி முறையைக் கைக்கொள்ளலாம். நிரம்பிய குழியை மூடி இரண்டு ஆண்டு விட்டுவைத்தால், கழிவு மக்கி வயலுக்கு உரமாகும். குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் மட்டும் குழி தோண்டலாகாது.

எவரேனும் தொட்டியில் மயங்கி விழுந்தால், பதற்றத்தில் மற்றொருவர் உள்ளே இறங்கலாகாது. உடனே 101, 108 ஆகிய எண்களுக்குத் தகவல் தரவேண்டும்.

"எமது ஊரில் எவரையும் தொட்டிக்குள் இறக்கமாட்டோம்" என்று அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் நிறைவேற்றுவீர்களாக.