தாய் மீனுக்கு வைட்டமின் சி: முட்டை வீணாகாமல் காக்கும் எளிய வழி

ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள கணியம்பாடி வட்டாரத்தில் பண்ணைக்குட்டையிலும் தொட்டியிலும் மீன் வளர்ப்போருக்கு, குஞ்சு வாங்கும் செலவு ஒரு சுமைதான். சாதா கெண்டையைச் சொந்தக் குட்டையிலேயே இனப்பெருக்கம் செய்தால் இந்தச் செலவைக் குறைக்கலாம். ஆனால், தாய் மீன் நிறைய முட்டையிட்டும் பாதிக்கு மேல் பொரிக்காமல் வெளுத்துப் போவதும், பொரித்த குஞ்சுகளில் பல முதுகு வளைந்து பிறப்பதும் உண்டு. இதற்கு ஒரு முக்கியக் காரணம் தாய் மீனின் தீவனத்தில் வைட்டமின் சி இல்லாமை.

மாட்டுக்கு வேண்டாம், மீனுக்கு வேண்டும்

மாடும் ஆடும் தமக்குத் தேவையான வைட்டமின் சி-யைக் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளும். கெண்டை, திலேப்பியா போன்ற மீன்களுக்கு அந்தத் திறன் இல்லை. நம்மைப் போலவே அவையும் உணவின் மூலமாகத்தான் பெற வேண்டும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கலவையையே மீன் தீவனத்திலும் கலப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வைட்டமின் சி மாட்டுக்குத் தேவையில்லாததால், பொதுவாக அந்தக் கலவையில் அது சேர்க்கப்படுவதில்லை.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சேர்ந்த வழக்கமான தீவனத்திலும் இந்தச் சத்து இல்லை என்றே சொல்லலாம். பசுமை படர்ந்த குட்டை நீரில் உள்ள நுண்பாசிகளில் இது கிடைப்பதால், அங்கே குறை வெளியே தெரியாது. தாய் மீன்களைத் தெளிந்த நீருள்ள சிமெண்ட் தொட்டியிலோ தார்ப்பாய் தொட்டியிலோ நெருக்கமாக வைத்து, தவிடு பிண்ணாக்கு மட்டும் கொடுக்கும்போது குறை வெளிப்படும்.

முட்டையிலும் விந்திலும் என்ன வேலை?

சினைப்பை வளரும்போது தாய் மீன் தன் உடலில் உள்ள வைட்டமின் சி-யை அங்கே சேர்த்து வைக்கிறது. சினை முதிர உதவும் ஹார்மோன்கள் உருவாகவும் முட்டைக் கருவில் உள்ள கொழுப்பு கெடாமல் இருக்கவும் இது தேவை. எலும்பையும் தோலையும் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம் வைட்டமின் சி இல்லாமல் உறுதியாக உருவாகாது. அதனால்தான் குஞ்சுகளுக்கு முதுகு வளைகிறது, செவுள் மூடி குறைபடுகிறது.

பொரித்து வரும் குஞ்சு முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு வாய் திறந்து தீனி எடுக்காது. வயிற்றில் உள்ள மஞ்சள் கருப்பைதான் அதன் உணவு. தாய் கொடுத்தது குறைவாக இருந்தால், அந்த நாள்களில் நாம் வெளியிலிருந்து எதையும் ஈடுசெய்ய முடியாது.

ஆண் மீனுக்கும் இது அவசியம். விந்தணுக்கள் சிதையாமல் இருக்கவும் நீரில் சுறுசுறுப்பாக நீந்தவும் வைட்டமின் சி உதவுகிறது.

நம் ஊரில் ஜிலேபி கெண்டை என்று அழைக்கப்படும் திலேப்பியாவில் செய்யப்பட்டு 1986-ல் வெளியான ஆய்வு இதை உறுதி செய்தது. வைட்டமின் சி சேர்த்த தீவனம் உண்ட தாய் மீன்களின் முட்டைகள், சேர்க்காதவற்றைவிட நன்றாகப் பொரித்தன. குஞ்சுகளும் கூடுதலாகப் பிழைத்தன.

கட்லா, ரோகு, மிர்கால் மீன்கள் தேங்கிய நீரில் தாமாக முட்டையிடாது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் பெருங்கெண்டை மீன்களை ஊசி மூலம் முட்டையிட வைத்ததில் கிடைத்த வெற்றிதான் இன்றைய குஞ்சு உற்பத்திக்கு அடிப்படை. ஆனால், ஊசி முட்டையை வெளியே வரவைக்கும், அவ்வளவே. முட்டைக்குள் இருக்கும் சத்து அதற்கு முந்தைய மாதங்களில் போட்ட தீவனத்திலிருந்து வந்தது.

எப்படிக் கொடுப்பது?

• முட்டையிட வைப்பதற்கு 3 மாதம் முன்பே தொடங்க வேண்டும். கடைசி வாரத்தில் கொடுத்துப் பயனில்லை.

• வளரும் மீனுக்கு ஒரு கிலோ தீவனத்துக்கு 50 மி.கி. அளவு போதும். தாய் மீனுக்கு 500 மி.கி. என்று கணக்கிடலாம்.

• சாதாரண வைட்டமின் சி வெப்பம், ஈரம், வெளிச்சம், காற்று ஆகியவற்றால் விரைவில் அழியும். எனவே, மீன், இறால் தீவனத்துக்கென விற்கப்படும் பாஸ்பேட் வடிவ வைட்டமின் சி தூளே நல்லது. பொட்டலத்தில் 35% என்று இருந்தால், ஒரு கிலோ தீவனத்துக்கு சுமார் 1.4 கிராம் தூள் போதும்.

• தீவனத்தை வேகவைப்பவர்கள் ஆறிய பிறகே தூளைச் சேர்க்க வேண்டும். குருணைத் தீவனம் என்றால், தூளைச் சிறிது சமையல் எண்ணெயில் குழைத்து மேலே பூசி, நிழலில் உலர்த்தி, அன்றன்றே போட்டுவிட வேண்டும்.

• கடைத் தீவனம் வாங்கினால் தயாரித்த தேதியைப் பாருங்கள். 3 மாதத்துக்கு மேல் பழையதைத் தாய் மீனுக்குத் தவிர்க்கவும்.

செலவு எவ்வளவு? இரண்டு கிலோ எடையுள்ள 10 தாய் மீன்களுக்கு, உடல் எடையில் 2% வீதம் நாளொன்றுக்கு 400 கிராம் தீவனம் தேவை. 90 நாளுக்கு 36 கிலோ தீவனம். அதற்குத் தேவைப்படும் தூள் ஏறக்குறைய 50 கிராம்தான்.

இதையும் கவனியுங்கள்

முட்டை கெடுவதற்கு வைட்டமின் சி குறை மட்டுமே காரணம் அல்ல. ஆக்சிஜன் பற்றாக்குறை, முட்டையில் பூஞ்சணம், ஒரே குடும்பத்து மீன்களைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பது, வயலிலிருந்து வடிந்து வரும் பூச்சிமருந்து ஆகியவையும் காரணமாகலாம். தாய் மீன்களுக்கு 25 முதல் 30% புரதமும் வேண்டும். வைட்டமின் சி அதற்கு மாற்றாகாது.

குஞ்சுகளை விலைக்கு வாங்குவோர், ஒரு கைப்பிடிக் குஞ்சை வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். முதுகு வளைந்தவை, செவுள் மூடி இல்லாதவை பல தென்பட்டால் அந்தத் தொகுதியைத் தவிர்ப்பதே நல்லது. வளைந்த முதுகு பிறகு நிமிராது. அந்தக் குஞ்சுக்குப் போடும் தீவனமும் வீண். சந்தேகம் இருந்தால் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ மீன்வளத் துறை அலுவலரையோ அணுகிக் கேட்டுக்கொள்ளலாம்.