ராஜபார்ட் யாருக்கு?

ஃபேரர் பார்க் எம்.ஆர்.டி. நிலையத்திலிருந்து சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்குள் நுழையும் நம்மில் பலருக்கு, அந்த இடம் ஒரு காலத்தில் இரவெல்லாம் பாட்டும் மேளமுமாக இருந்தது என்பது தெரியாது. 1923இல் திறக்கப்பட்ட ‘நியூ வொர்ல்ட்’ கேளிக்கைப் பூங்கா அங்கேதான் இருந்தது. ஒரு பக்கம் சீன இசைநாடகம், இன்னொரு பக்கம் குத்துச்சண்டை, மற்றொரு கொட்டகையில் மலாய்க்காரர்களின் பங்சாவான்.

பங்சாவான் நமக்கு அந்நியமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பினாங்கில் பிறந்த கலை அது. தமிழ் மேடையும் பார்சிக் குழுக்களிடம் நிறையக் கற்றுக்கொண்டது. ஆகவே நம் இசைநாடகத்துக்குப் பங்சாவான் ஒன்றுவிட்ட சகோதரி முறை. நம்மிடம் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்றால் அங்கே ‘ஓராங் மூடா’, ‘ஸ்ரீ பங்குங்’, கோமாளி. இன்று அலாவுதீன், நாளை ஹாம்லெட், மறுநாள் ஒரு சீனக் காதல் கதை. ஹாம்லெட்டாக வருபவர் டென்மார்க்கில் பிறந்தவரா என்று டிக்கெட் வாங்கியவர் கேட்கவில்லை. அவருக்குப் பாட வருமா என்பதே கேள்வி.

இதை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதலாண்டில் ஓர் ஆங்கில இசைநாடகத் தேர்வுக்குச் சென்று நாயகனின் பாடலைப் பாடினேன். குரல் நன்றாக இருக்கிறது என்றார்கள். கிடைத்தது பரோட்டாக் கடைக்காரர் வேடம், பாட்டே கிடையாது. நாயகனின் அம்மா, தங்கை எல்லாம் சீனர்கள், குடும்பம் மாதிரித் தெரிய வேண்டாமா என்றார் இயக்குநர். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதுதான் என்னை அதிகம் உறுத்தியது. இனமும் பாலும் பாராமல் வேடம் கொடுப்பது எப்போது எடுபடும், எப்போது எடுபடாது?

நம் பழைய மேடை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவர்களே எல்லா வேடமும் கட்டினார்கள். ராணியும் பையன், தோழியும் பையன். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கு எட்டுவது உச்சக் குரல்தான். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்தவன் இன்று கூட்டத்தில் ஒருவன். ‘பார்ட்’ என்பது ஓர் உடலின் பெயரன்று. இன்னின்ன பாட்டு, இன்ன சுருதி, இன்ன நடை என்ற வேலையின் பெயர். அந்த வேலையைச் செய்பவர் யாராயினும் சபை ஏற்றுக்கொண்டது. (பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் இழிவாகப் பார்த்ததும் சிறுவர்களுக்குப் புடவை கட்டியதற்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடலாகாது. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்துக் குழு நடத்தியது அதற்கு ஒரு நல்ல பதில்.)

அந்தச் சபாவில் வளர்ந்த தி. க. சண்முகம் 1942இல், தம் முப்பதாவது வயதில், கிழவி ஔவையாராக மேடையேறினார். மக்கள் அவரை ‘ஔவை’ சண்முகம் என்றே அழைக்கத் தொடங்கினர். 1953இல் அதே ஔவையாராகத் திரையில் நடித்தவர் கே. பி. சுந்தராம்பாள். ஆனால் 1935இல் ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கி அவர் நந்தனாராக ஆண் வேடமிட்ட ‘பக்த நந்தனார்’ எதிர்பார்த்தபடி ஓடவில்லை. மேடையில் ஆண் வேடம் கட்டிப் பெயர் எடுத்தவர்தான் அவர். கேமரா கிட்டே போனதும் குறையாயிற்றோ என்று எனக்குத் தோன்றுகிறது. மேடையில் இருபதடி தள்ளி உட்கார்ந்து ‘இவர் நந்தனார்’ என்று ஒப்புக்கொண்ட கண், குளோஸ்-அப்பில் அந்த ஒப்பந்தத்தை முறித்துவிடுகிறது.

பாட்டுக்கு அந்த ஒப்பந்தத்தைச் செய்துவைக்கும் வலிமை அதிகம். கோபம் வந்ததும் ஒருவர் தாளத்தோடு பாடுவதையே ஏற்றுக்கொண்டவருக்கு, அவருடைய தங்கை வேறு நிறத்தில் இருப்பது பெரிய காரியமா?

எனினும் எல்லா வேடத்துக்கும் இது பொருந்தாது. ‘மிஸ் சைகான்’ 1989இல் லண்டனில் அரங்கேறியபோது, பாதி வியட்நாமியப் பாத்திரத்தில் ஜோனதன் பிரைஸ் கண்ணிமையை மாற்றி, தோலுக்கு நிறம் பூசி நடித்தார். 1990இல் அமெரிக்க நடிகர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்து, சில நாட்களில் பின்வாங்கியது. ஆசியருக்கென்று இருந்த சில வேடங்களில் பெரியது அது. அதுவும் போயிற்று என்பதுதான் அவர்கள் வருத்தம். 2019இல் இங்கே ஒரு விளம்பரத்துக்காகச் சீன நடிகர் ஒருவர் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டபோது நமக்கு வந்த கோபமும் அதே வகைதான். கதவு ஒரு பக்கம் மட்டும் திறந்தால் அது இனம் பாராமை ஆகாது.

2024இல் மரினா பே சேண்ட்ஸுக்கு வந்த ‘ஹாமில்டன்’ வேறு ரகம். அமெரிக்காவை நிறுவிய வெள்ளையர்களாகக் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் பாடுகிறார்கள். நிறத்தை நாம் பார்க்க வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். 2018இல் லண்டனில் ‘கம்பெனி’ இசைநாடகத்தின் நாயகன் நாயகியானபோதும் அப்படித்தான். முப்பத்தைந்து வயதில் மணமாகாத ஆணைச் சமூகம் கேட்கும் கேள்வி வேறு, பெண்ணைக் கேட்கும் கேள்வி வேறு. இசையமைப்பாளர் சொந்தைம் சம்மதித்து வரிகளையும் மாற்றிக் கொடுத்தார். ஆளை மட்டும் மாற்றிவிட்டு, பாட்டையும் சுருதியையும் அப்படியே விட்டிருந்தால் அந்த நாடகம் நின்றிருக்காது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். சென்ற முறை எங்கள் தமிழ் நாடகத் தேர்வுக்குச் சீன மாணவி ஒருவர் வந்தார். கர்நாடக இசை கற்றவர்; ழகரம் நம்மில் பலரைவிடச் சுத்தம். நாயகியின் பாடலை ஐந்தரைக் கட்டையில் சிரமமின்றிப் பாடினார். தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். கண்ணகியை ‘அப்படி’ப் பார்க்கப் பெற்றோர் ஒப்புவார்களா என்று ஒருவர் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தோழி வேடம் கொடுத்தோம். நாங்கள் தேர்ந்த நாயகிக்கு அந்தச் சுருதி எட்டவில்லை. பாடலை ஒரு கட்டை இறக்கிக்கொண்டோம்.