ஹார்மோன் பேட்ச்: ஒட்டும் இடமும் மாற்றும் நாளும்

மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென உடம்பு சூடேறுகிறதா? கழுத்தும் நெஞ்சும் குப்பென்று வியர்த்து, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து உட்கார வேண்டியிருக்கிறதா? மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால் வரும் தொல்லை இது. எல்லோருக்கும் இதற்குச் சிகிச்சை தேவைப்படாது. தொல்லை அதிகம் உள்ளவர்களுக்கு, பரிசோதித்த பிறகு மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை தருவார். அது மாத்திரையாக இருக்கலாம், தடவும் ஜெல்லாக இருக்கலாம், தோலில் ஒட்டும் பேட்ச்சாகவும் இருக்கலாம்.

பேட்ச் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களுக்காகவும், அம்மாவுக்கோ அத்தைக்கோ அதை வாங்கிக் கொடுப்பவர்களுக்காகவும் இந்தக் கட்டுரை. ஒட்டிப் பார்த்த இரண்டாவது வாரத்திலேயே, "இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்று எடுத்து வைத்துவிடுபவர்கள் உண்டு. அப்படி முடிவெடுக்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: குறை மருந்தில்தானா, இல்லை ஒட்டிய இடத்திலா?

பேட்ச்சில் உள்ள ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன் தோல் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சேரும். மாத்திரையைப் போல வயிறு, கல்லீரல் வழியாக முதலில் போவதில்லை. அதனால் ரத்தக்கட்டு ஏற்படும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பேட்ச் முழுவதும் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால், அந்த அளவுக்கு மருந்து உள்ளே போகாது. "பேட்ச் போட்டும் வியர்க்குதே" என்பவர்கள் முதலில் ஓரங்களைத் தடவிப் பார்க்க வேண்டும்.

எங்கே ஒட்டுவது?

இடுப்புக்குக் கீழே ஒட்ட வேண்டும். அடிவயிற்றின் இரண்டு பக்கம், பிட்டத்தின் மேல்பகுதி ஆகியவை பொதுவாகச் சொல்லப்படும் இடங்கள். மார்பகத்தின் மேலோ அதன் அருகிலோ ஒருபோதும் ஒட்டக்கூடாது.

நம் ஊர்ப் பெண்களுக்கு வரும் முதல் சிக்கல் உள்பாவாடை நாடா. நாள் முழுக்க இறுக்கிக் கட்டிய நாடா அதே இடத்தில் உரசிக்கொண்டே இருந்தால், எந்தப் பசையும் தாங்காது. சுடிதார் எலாஸ்டிக்கும் அப்படித்தான். ஆகவே நீங்கள் வழக்கமாக நாடா கட்டும் கோட்டிலிருந்து நான்கு விரல் கீழே இறக்கி ஒட்டுங்கள். பிட்டத்தில் ஒட்டுவதாக இருந்தால், உட்காரும்போது அழுந்தும் பகுதிக்கு மேலே இருக்கட்டும். மடிப்பு விழும் இடம், காயம், சொறி, அப்போதுதான் முடி மழித்த தோல், இவையெல்லாம் வேண்டாம்.

இரண்டாவது சிக்கல் எண்ணெய். தேங்காய் எண்ணெய், மஞ்சள், பவுடர், லோஷன் என்று நாம் உடம்பில் பூசும் எல்லாமே பசைக்கு எதிரிதான். எண்ணெய்க் குளியல் நாளில் புதுப் பேட்ச் ஒட்டாமல் இருந்தால் நல்லது. உதாரணமாக, வாரம் இருமுறை மாற்றும் வகை என்றால் மருத்துவரைக் கேட்டு திங்களும் வியாழனும் என்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாலும் பாதகமில்லை. எண்ணெய் அந்த இடத்துக்கு வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குளித்த உடனே ஈரம் காயாமல் ஒட்டிவிடாதீர்கள். நன்றாகத் துடைத்து, கொஞ்ச நேரம் மின்விசிறிக் காற்றில் நின்று, உடம்பின் சூடு தணிந்த பிறகு ஒட்டுங்கள். கோடைக்காலத்தில் இந்தக் காத்திருப்பு மிக முக்கியம். குளியலறைக்குள் நின்றபடி ஒட்டினால் ஒட்டும் முன்பே வியர்த்துவிடும்!

கைகளைக் கழுவிக்கொண்டு, உறையைக் கையால் கிழியுங்கள். கத்தரிக்கோல் போட்டால் பேட்ச்சும் சேர்ந்து வெட்டுப்படும். பின்பக்கத் தாளில் பாதியை மட்டும் உரித்து, பசையை விரலால் தொடாமல் ஒட்டி, மீதித் தாளை மெல்ல இழுத்துவிடுங்கள். பிறகு உள்ளங்கையால் 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கையின் சூட்டில்தான் பசை நன்றாகப் பிடிக்கும். கடைசியாக ஓரம் முழுக்க விரலை ஓட்டுங்கள். அவ்வளவுதான்.

ஒட்டிய பிறகு குளிக்கலாம், வேலை செய்யலாம். அந்த இடத்தைத் தேய்க்காமல் இருந்தால் போதும். ஆனால் இடுப்பு வலிக்கு வெந்நீர்ப் பை வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். பேட்ச் மீது சூடு பட்டால் மருந்து தேவைக்கு மேல் வேகமாக உள்ளே போகும். நேரடி வெயிலும் அதன் மேல் படக்கூடாது. புடவைக்குள் இருப்பதால் நமக்கு அந்தக் கவலை குறைவு.

கழன்று விழுந்தால்?

பதற வேண்டாம். பசை இன்னும் இருந்தால் அதையே வேறு இடத்தில் ஒட்டலாம். ஒட்டவில்லை என்றால் புதியதை ஒட்டுங்கள். ஆனால் மாற்றும் நாளைத் தள்ளிப் போடாதீர்கள். புதன்கிழமை விழுந்து புதியது ஒட்டியிருந்தாலும், வியாழன் மாற்றும் நாள் என்றால் வியாழனே மாற்ற வேண்டும். மாற்ற மறந்துபோனால், நினைவு வந்ததும் மாற்றிவிட்டு பழைய கிழமைக்கே திரும்புங்கள். மறந்ததை ஈடுகட்ட இரண்டு பேட்ச் ஒட்டுவது தவறு.

ஒட்டிய இடத்திலேயே திரும்பத் திரும்ப ஒட்டினால் அரிப்பு வரும். ஒரே இடத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் ஓய்வு கொடுங்கள். வாரம் இருமுறை மாற்றுபவர்கள் வலது அடிவயிறு, இடது அடிவயிறு, வலது பிட்டம், இடது பிட்டம் என்று சுற்றி வந்தால், முதல் இடத்துக்குத் திரும்ப இரண்டு வாரம் ஆகிவிடும். எடுத்த பிறகு லேசாகச் சிவந்திருந்து மறைந்துவிட்டால் பயமில்லை. கொப்புளம் வந்தாலோ, சிவப்பு பரவினாலோ பேட்ச்சை எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அழுக்கு வளையமாக ஒட்டிக்கொண்டிருக்கும் பசையைச் சுரண்ட வேண்டாம். அங்கே துளி தேங்காய் எண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்தது வேறு இடத்தில்தானே ஒட்டப் போகிறோம்!

எடுத்த பேட்ச்சில் மருந்து மிச்சம் இருக்கும். பசைப் பக்கம் உள்ளே வருமாறு இரண்டாக மடித்து, குழந்தைகளும் நாய் பூனையும் எடுக்க முடியாதபடி குப்பையில் போடுங்கள். கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடக் கூடாது.

செல்போனில் வாரத்துக்கு இரண்டு அலாரம் வையுங்கள். அலாரத்தின் பெயரிலேயே "வலது வயிறு", "இடது வயிறு" என்று எழுதிக்கொண்டால் எங்கே ஒட்ட வேண்டும் என்ற குழப்பமும் தீரும். மருந்துச் சீட்டையும் அட்டைப்பெட்டியையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை மாற்றும் வகையும், இருமுறை மாற்றும் வகையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கடைக்காரர் வேறு கம்பெனிப் பேட்ச் கொடுத்தால் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாக் கடைகளிலும் பேட்ச் இருப்பில் இருக்காது என்பதால், கையில் இருப்பது தீரும் முன்பே போன் செய்து கேட்டுவிடுவது நல்லது.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை

கர்ப்பப்பை உள்ள பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டிரோன் மருந்தும் சேர்த்துத் தரப்படும். "பேட்ச்தான் போட்டாச்சே, மாத்திரை எதுக்கு" என்று அதை நிறுத்திவிடாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாகச் சேர்ந்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, புற்றுநோய் அபாயம் கூடும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் இருந்தவர்களும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றாக இருந்தது என்று கேட்டு வாங்கி ஒட்டுவது ஆபத்து. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போனால் பேட்ச் போட்டிருப்பதைச் சொல்லுங்கள். சில பேட்ச்களில் உலோகம் இருப்பதால் தோல் சுட்டுவிடலாம்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர்க் கடும் தலைவலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மற்ற சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. இ-சஞ்சீவனி செயலியில் செல்போன் எண்ணைப் பதிந்து, வீட்டிலிருந்தபடியே மருத்துவரிடம் வீடியோவில் பேசலாம். ஆனால் ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்கும் முதல் முறை நேரில்தான் போக வேண்டும்; ரத்த அழுத்தமும் மார்பகமும் பார்க்காமல் தொடங்கக் கூடாத சிகிச்சை இது. 30 வயதைக் கடந்த பெண்களுக்கான மார்பக, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இலவசமாகச் செய்யப்படுகிறது. அதையும் முடித்துக்கொண்டு, அந்தச் சீட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.