ஹாஸ்டல் சாப்பாடு: வயிறு நிறைகிறது... ரத்தம்?

ராத்திரி ஒன்பது மணி. வீட்டிலிருந்து ஹாஸ்டலுக்குப் போன் போகிறது.

"ஏட்டி, சாப்ட்டியா?"

"சாப்ட்டேம்மா."

"என்ன போட்டாங்க?"

"அதே உப்புமாதான்... வாயில வைக்க வெளங்கல!"

அம்மாவுக்கு மனசு கேட்குமா? மறுநாளே ஊறுகாய், முறுக்கு, அல்வா எல்லாம் பார்சலாகிவிடும். அப்பா தன் பங்குக்கு, "வெளியில நல்லா வாங்கிச் சாப்பிடு" என்று கொஞ்சம் பணம் அனுப்புவார். இரண்டு பேருக்கும் கடமை முடிந்த திருப்தி. ஆனால் மகளின் உடம்புக்கு எது குறைகிறதோ, அது இந்த இரண்டிலும் போய்ச் சேர்வதில்லை.

ஜூன் பிறந்தால் தென்காசி, குற்றாலம் பக்கம் இரண்டு விதமான கூட்டம் வரும். அருவிக்கு வருகிறவர்கள் ஒரு கூட்டம். பெட்டி படுக்கையோடு படிக்க வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். குற்றாலத்தில் கோயில் தேவஸ்தானத்தின் ஸ்ரீ பராசக்தி மகளிர் கல்லூரி 1964-ல் தொடங்கியது. அதற்கு மேலே படிக்க, திருநெல்வேலியை அடுத்த அபிஷேகப்பட்டியில் 1990-லிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. முதல் தடவையாக அம்மா கை சாப்பாட்டை விட்டு வரும் பெண்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். குறிப்பிட்ட எந்த ஹாஸ்டலையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் மகள் சென்னையிலோ கோவையிலோ படித்தாலும் விஷயம் இதுதான்.

ருசியை விடுங்கள். நூறு பேருக்கு மேல் சமைக்கிற இடத்தில் வீட்டு ருசி வராது. கவலைப்பட வேண்டியது ரத்தத்தைப் பற்றி!

2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 19 வயதுப் பெண்களை மட்டும் எடுத்தால் 59 பேர். தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். ஹாஸ்டல் டைனிங் ஹாலில் ஒரு பெஞ்சில் நாலு பெண்கள் உட்கார்ந்தால், அதில் இரண்டு பேருக்காவது இந்தக் குறை இருக்கலாம் என்று அர்த்தம். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், முடி கொட்டும், புத்தகத்தை எடுத்தால் தலை வலிக்கும். சிலர் பச்சை அரிசியையோ சாக்பீஸையோ யாருக்கும் தெரியாமல் தின்பார்கள். "படிப்புல கவனமே இல்ல" என்று திட்டு வாங்குகிற பெண்ணுக்கு உண்மையில் இரும்புச்சத்து போதாமல் இருக்கலாம்.

ஒரு நாள் மெஸ் சாப்பாட்டைக் கணக்குப் பாருங்கள். காலையில் இட்லி அல்லது பொங்கல். மத்தியானம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், ரசம், மோர். ராத்திரி உப்புமா, தோசை, சில நாள் சப்பாத்தி. வயிறு நிச்சயம் நிறையும். ஆனால் மூன்று வேளையும் பெரும்பாலும் அரிசியும் ரவையும்தான். நூறு கிராம் அரிசியில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூடக் கிடையாது. வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 29 மில்லிகிராம் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். ஆணுக்கு 19 போதும். மாதவிலக்கில் மாதாமாதம் ரத்தம் போகிறதே, அதனால்தான் இந்த வித்தியாசம். புரதமும் அப்படித்தான். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் வேண்டும்.

"சாம்பார் தண்ணியா இருக்கு" என்று பிள்ளைகள் புலம்பினால், நாக்கு நீளம் என்று தள்ளிவிடாதீர்கள். அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது! சைவ மெஸ்ஸில் புரதத்துக்கு முக்கியமான வழியே சாம்பாரில் இருக்கிற பருப்புதான். நூறு கிராம் துவரம் பருப்பில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினால், குறைவது ருசி மட்டும் இல்லை.

மெஸ் பில் எப்படி வருகிறது?

இதைப் பெற்றோர் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பல ஹாஸ்டல்களில் 'டிவைடிங் சிஸ்டம்' என்கிற முறை உண்டு. மாதம் முழுக்க அரிசி, பருப்பு, காய்கறி, கேஸ், சமையல்காரர் சம்பளம் என்று ஆன மொத்தச் செலவை, சாப்பிட்ட நாட்களால் வகுப்பார்கள். உதாரணத்துக்கு, 120 பேர், 30 நாள் என்றால் 3,600 சாப்பாட்டு நாட்கள். செலவு 3,60,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்குத் தலைக்கு 100 ரூபாய். மாணவிகளே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, வார்டனோடு உட்கார்ந்து வார மெனுவை முடிவு செய்கிற மெஸ் கமிட்டியும் அநேகமாக இருக்கும்.

ஊருக்குப் போகும்போது முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் அந்த நாட்களைக் கழிப்பார்கள். அதுவும் பல இடங்களில் சேர்ந்தாற்போல் சில நாட்கள் போனால்தான். காலை டிபனை மட்டும் சாப்பிடாமல் விட்டால் ஒரு பைசா கழியாது! பணமும் போகிறது, சமைத்த இட்லியும் வாளியில் மிஞ்சுகிறது. பதினோரு மணிக்குப் பசி தாங்காமல் கேன்டீனில் பப்ஸும் டீயும் வாங்கினால் அது தனிச் செலவு. பாதிப் பேர் மெஸ்ஸுக்கு வருவதில்லை என்று ஆகிவிட்டால், 'எப்படியும் மிஞ்சத்தானே போகுது' என்று சமையல்கட்டிலும் கை சுருங்கும். அப்புறம் ருசி இல்லை என்று இன்னும் நாலு பேர் வர மாட்டார்கள்.

இதே முறையில் நல்லதும் சுலபமாகச் செய்யலாம். ஒரு முட்டை ஏழு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு நாலு முட்டை என்றால் மாதம் 16. தலைக்கு 112 ரூபாய்தான் கூடும். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். சைவ மெஸ் என்றால் அதே பணத்துக்குத் தினம் சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல் போடலாம். கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, கொள்ளு என்று மாற்றி மாற்றி. நூறு கிராம் கொள்ளில் இரும்புச்சத்தே எட்டு மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சீசனில் நண்பிகளோடு ஒரு நாள் பஜ்ஜி, இன்னொரு நாள் பார்டர் பரோட்டா என்று போனால் ஆகிற செலவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரோட்டாவே கூடாது என்று சொல்லவில்லை. குற்றாலம் பக்கம் படித்துவிட்டு அதைச் சாப்பிடாமல் எப்படி! மாதத்துக்கு ஒரு நாள் ஆசைக்குச் சாப்பிடலாம். மெஸ்ஸுக்குப் பதிலாக என்று ஆகக் கூடாது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இந்தக் கவலையை அரசாங்கமே பட்டிருக்கிறது. 1956-ல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு அதில் முட்டை, 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவு. பத்தாம் வகுப்பு வரை சத்துணவில் முட்டை வாங்கிய பெண்ணுக்கு, கல்லூரி ஹாஸ்டலுக்கு வந்ததும் அது நின்றுபோகிறது. அதற்கு மேலே பொறுப்பு மெஸ் கமிட்டியுடையது, பெற்றோருடையது.

எல்லோரும் ஒரே பந்தியில்

தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் போனால் வழியில் சேரன்மாதேவி வரும். நூறு வருஷத்துக்கு முன்பு, பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஓர் இடத்தின் பந்தி, தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டது அந்த ஊரில்தான். வ.வே.சு. ஐயர் 1922-ல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி, பிறகு சேரன்மாதேவிக்கு மாற்றிய குருகுலத்தில் சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். பொதுப்பணத்தில் நடக்கிற இடத்தில் இது நியாயமா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்ப, 1925-ல் காங்கிரஸே இரண்டுபட்டது. அந்த வருஷம் ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் இறந்துபோனார். எல்லாப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது இந்த மண்ணில் சும்மா கிடைத்துவிடவில்லை.

இன்றைக்கு யாரும் தடுப்பதில்லை. பிள்ளைகளே தட்டை எடுத்துக்கொண்டு ரூமுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு கையில் செல்போன், இன்னொரு கையில் ஸ்பூன். உடம்புக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பந்தியில் உட்கார்ந்தால் இரண்டாம் தடவை காய் வரும், கீரை வரும், வாங்கிக்கொள்ளலாம். ரூமுக்கு எடுத்துப் போனால் முதலில் எடுத்ததோடு சரி. அதைவிட முக்கியம், ஒரு பெண் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் முதலில் தெரியும். வீட்டு ஏக்கமோ, பரீட்சை பயமோ, ஒல்லியாக வேண்டும் என்ற பட்டினியோ... எதுவானாலும் வார்டனுக்கும் அம்மாவுக்கும் தெரிவதற்கு முன்னால் தோழிக்குத் தெரிந்துவிடும்.

இங்கே பெயரிலேயே கூடிச் சாப்பிடுவதை வைத்திருக்கிற சாப்பாடு ஒன்று உண்டு. கூட்டாஞ்சோறு! அரிசி, துவரம் பருப்பு, கத்திரிக்காய், முருங்கைக்காய், வாழைக்காய், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் வெந்து, தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்துவிட்ட சோறு. பெரிய சமையலுக்கு இதைவிட வசதி வேறு இல்லை. தனியாகச் சாம்பார், பொரியல் வேண்டாம். காய்க்குப் பாவூர்சத்திரம் சந்தை பக்கத்திலேயே இருக்கிறது. இன்னொன்று உளுந்தஞ்சோறு. தோலோடு கறுப்பு உளுந்து போட்டு, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பெண் வயதுக்கு வந்தால் உளுந்தைத் தேடிக் கொடுத்த நம் பாட்டிமார் விவரமானவர்கள்தான்! வாரம் ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று மெனுவில் எழுதச் சொல்லி உங்கள் மகள் கமிட்டியில் கேட்கலாம். வாரத்தில் ஒரு ராத்திரி ரவை உப்புமாவுக்குப் பதில் கம்பு தோசை. நூறு கிராம் கம்பில் ஆறு மில்லிகிராம் இரும்புச்சத்து.

இங்கே ஒரு பொதுவான தப்பு. பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே, ரத்தம் ஊறும் என்று அதையே நம்புகிறவர்கள் நிறையப் பேர். பீட்ரூட்டில் இரும்புச்சத்து அதிகம் இல்லை. காய் என்ற கணக்கில் சாப்பிடட்டும், ரத்தத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

இன்னொரு சங்கதி. பயறு, கீரை, தானியத்தில் இருக்கிற இரும்பு முழுவதும் உடம்பில் சேராது. நூற்றில் பத்து பங்கு சேர்ந்தாலே பெரிய காரியம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா இவற்றில் உள்ள வைட்டமின் சி கூட இருந்தால் அதிகமாகச் சேரும். எலுமிச்சைக்கே பேர்போன புளியங்குடி நம் மாவட்டத்தில்தானே இருக்கிறது! சுண்டலிலும் கீரையிலும் எலுமிச்சையை அடுப்பில் கொதிக்கும்போது விடாமல், இறக்கி ஆறியபின் பிழியச் சொல்லுங்கள். கொதித்தால் அந்தச் சத்து போய்விடும்.

டீ, காபி இதற்கு நேர் எதிரி. டிபனோடு சேர்த்துக் குடித்தால் இரும்பை உடம்பில் சேர விடாது. எழுந்தவுடன் ஆறரை மணிக்கு டீ, எட்டு மணிக்கு டிபன் என்று பிரித்துவிட்டால் போதும். மெஸ்ஸுக்கு இதில் ஒரு பைசா செலவு இல்லை.

காலை டிபனை ஏன் விடுகிறார்கள் என்று விசாரித்தால், சோம்பல் மட்டும் காரணமாக இருக்காது. குளிக்க வரிசை! பாத்ரூமுக்குக் காத்திருந்து தலை பின்னி முடிப்பதற்குள் மெஸ் மூடிவிடும். ராத்திரியே குளிக்கலாம், அல்லது டிபனை முடித்துவிட்டுக் குளிக்கலாம். டிபன் நேரத்தை அரை மணி நீட்டச் சொல்லி வார்டனிடம் கேட்பதிலும் தப்பில்லை.

சாரல் நாட்களில் தண்ணீர் ஜாக்கிரதை. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் டைனிங் ஹாலில் இருக்கிறதா என்று ஹாஸ்டலில் சேர்க்கும்போதே பாருங்கள். மத்தியானம் மிஞ்சிய சோற்றை வெளியிலேயே வைத்திருந்து ராத்திரி தாளித்துப் போடுவது ஆபத்து. மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ லைசென்ஸோ வேண்டும். சமைப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பார்சல் அனுப்பாமல் இருக்க மனசு வராதுதான். முறுக்குக்குப் பதில் எள்ளுப்பொடி, வறுத்த கடலை, கோவில்பட்டி கடலைமிட்டாய் அனுப்புங்கள். ரூமில் இருக்கிற எல்லோருக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

லீவுக்கு வரும்போது ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தென்காசி அரசு தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 8-க்கும் கீழே என்றால் தாமதிக்காமல் டாக்டரைப் பாருங்கள். குறைவு என்று வந்துவிட்டால் சாப்பாட்டால் மட்டும் சீக்கிரம் ஏறாது, டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். வயிறு புரட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு சரியானதும் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், உடம்பில் இருப்பு சேர இன்னும் இரண்டு மூன்று மாதம் சாப்பிடச் சொல்வார்கள். லீவு முடிந்து கிளம்பும்போது அந்த மாத்திரையைப் பெட்டியில் மேலாக வைத்து அனுப்புங்கள்.