ஓர் இழை, பல பாதைகள்

கெட்டிக்காரச் சுட்டியே, கேரளத்தின் பொன்முடி மலைக்குப் போகிற வழியில் வித்துரா வரும். 2008இல் தொடங்கிய திருவனந்தபுரம் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. ஒளியியல் படிக்கும் மாணவர்கள் செய்து பார்க்கும் ஒரு சோதனையைச் சொல்லட்டுமா?

கண்ணாடி இழை ஒன்றில் சிவப்பு லேசரைச் செலுத்துகிறார்கள். மறுமுனையைச் சுவருக்கு நேரே பிடித்தால், சுவரில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். இழையை விரலால் லேசாக வளைத்தால் போதும், புள்ளிகள் எல்லாம் இடம் மாறிவிடும்! (லேசரை நேராகப் பார்க்கவே கூடாது, சரியா?)

ஏன் மாறுகிறது என்று கேட்கிறாயா? அருமையான கேள்வி!

இந்த இழையின் நடுப்பகுதி 50 மைக்ரோமீட்டர் அகலம். நம் தலைமுடியைவிடக்கூட மெலிது. ஆனால் ஒளிக்கு அது அகலமான சாலை. அதில் பல விதமாகப் போகலாம். ஒவ்வொரு விதத்துக்கும் 'மோடு' என்று பெயர்.

பள்ளி மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடுவதை நினைத்துக்கொள். சிலர் நேராக ஓடுவார்கள். சிலர் இந்த ஓரமும் அந்த ஓரமுமாகத் தாவிப் போவார்கள், அதனால் பிந்துவார்கள். ஒளியும் அப்படித்தான். ஒன்றாகக் கிளம்பிய ஒளித்துடிப்பு, போகப் போகப் பரவி மங்கும்.

இழை வளைந்தாலோ நசுங்கினாலோ, ஒரு மோடில் போன ஒளி இன்னொன்றுக்குத் தாவும். இதுதான் மோடு பிணைப்பு. சுவரில் புள்ளிகள் இடம் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு மோடிலும் தனித்தனிச் செய்தி அனுப்பினால், எல்லாம் கலந்துவிடும். ஆனாலும் கணக்குப் போட்டு அவற்றைப் பிரித்துவிடலாம்.

புரிகிறதா? இனிதான் சிக்கல்.

ஈரமண் பாதையில் ஒரு கூட்டமே ஓடினால் பாதையே குழைந்துபோகுமல்லவா? ஒளி மிகவும் வலுவானால், கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளி அதில் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று காட்டும் எண்) துளி கூடுகிறது. ஜான் கெர் என்ற அறிஞர், மின்புலத்தால் கண்ணாடியின் ஒளியியல் பண்பு மாறுவதை 1875இல் கண்டார். அவர் நினைவாக இதையும் கெர் விளைவு என்கிறோம். செய்தியே தன் பாதையை மாற்றிக்கொள்வதால், இந்தக் குழப்பத்தைப் பிரிப்பது கடினம்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். மோடு பிணைப்பு மிக அதிகமானால் என்ன ஆகும்? எல்லாப் பிள்ளைகளும் வழி முழுக்க மாறி மாறி நேராகவும் தாவியும் ஓடினால், யாரும் அதிகம் பிந்தமாட்டார்கள். ஒளியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்துசேரும். கெர் விளைவின் தொல்லையும் குறையும். அதனால்தான் சில இழைகளை, மோடுகள் நன்றாகக் கலக்கும்படி வேண்டுமென்றே வடிவமைக்கிறார்கள்.