பழைய ஜீப், டிரக்கு அச்சுக்களை இனங்காணலும் வலிமையை மதிப்பிடலும்

கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டியின் உறுப்புக்களுள் மிகுந்த துன்பத்தைத் தாங்குவது அதன் அச்சு. எஞ்சின் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். அச்சுத்தண்டு முறிந்தாலோ சக்கரமே கழன்று ஓடக்கூடும். மலைப்பாதையில் இது உயிருக்கு உலை வைப்பதாகும். ஆகவே, பயன்படுத்திய அச்சு ஒன்றை வாங்கிப் பொருத்துவோர் அதனை இனங்காணவும் அதன் வலிமையை மதிப்பிடவும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பம்பாய் நகரம், அதாவது இன்றைய மும்பை, இவ்வகை வண்டிகளுடன் நெடுந்தொடர்பு உடையது. இரண்டாம் உலகப்போர் 1945 இல் முடிந்தபின், இராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளும் டிரக்குகளும் நாடெங்கும் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1947 இல் மகிந்திரா நிறுவனம் இந்நகரில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிற்று. 1952 இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபின், வளர்ச்சி வட்டார அலுவலகமும் ஜீப்பும் இணைபிரியாதவை ஆயின. ஜபல்பூரில் 1959 முதல் ஜெர்மானிய மான் நிறுவனத்தின் உரிமத்தின்பேரில் சக்திமான் டிரக்கும், 1969 முதல் ஜோங்கா வண்டியும் செய்யப்பட்டன. அவ்விரண்டின் உற்பத்தியும் 1990களில் நின்றுவிட்டது. எனவே, பழைய வண்டி வைத்திருப்போர் அச்சு வேண்டுமெனில் குர்லாவின் பழைய சாமான் கடைகளையோ ஏலக் குவியல்களையோ நாட நேரிடுகிறது. குர்லாவிலிருந்து பாண்டுப், முலுண்டு வழியாகத் தாணே நோக்கிச் செல்லும் லால் பகதூர் சாஸ்திரி சாலை, முன்னாளில் ஆக்ரா சாலை எனப்பட்டது. அவ்வழியே மேலும் சென்றால் கசாரா மலைச்சரிவு எதிர்ப்படும். பாண்டுப்பில் பொருத்திய அச்சின் தரத்தை அம்மலைச்சரிவு சோதித்துப் பார்த்துவிடும்.

முதலில், அச்சுக்கூட்டின் வடிவத்தை நோக்குக. பழைய அச்சுக்களில் மூன்று வடிவங்கள் பெருவழக்கு. முதலாவது பாஞ்சோ வகை. இதன் நடுப்பகுதி வட்டமாய்க் குழிந்திருக்கும். கிரவுன் சக்கரமும் பினியனும் ஒரே தொகுதியாக முன்புறம் வெளிவரும். இரண்டாவது பிளவு வகை. இதில் கூடு இரண்டு பாதிகளாக வார்க்கப்பட்டு நடுவில் போல்ட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். மூன்றாவது, நடுவே வார்ப்பிரும்புக் கூடும், அதன் இருபுறமும் அழுத்திச் செருகிய எஃகுக் குழாய்களும், பின்புறம் தகட்டு மூடியும் உடையது. ஜீப்பின் ஸ்பைசர் அச்சு இவ்வகையைச் சேர்ந்தது. போர்க்காலத்து ஜி.எம்.சி. இரண்டரை டன் டிரக்கு, பாஞ்சோ அச்சுடனும் பிளவு அச்சுடனும் வெளிவந்தது. வண்டியின் பெயர் ஒன்றாயினும் அவ்விரு வகைகளின் உட்பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஆகையால், வண்டியின் பெயரை மட்டும் கூறி அச்சைக் கேட்டு வாங்குதல் தவறு.

அடுத்து அறிய வேண்டியது பல்விகிதம். மூடியின் போல்ட்டு ஒன்றில் விகிதம் பொறித்த சிறு தகடு இருக்கலாம். ஆயினும் பழைய அச்சில் அதனை முழுதும் நம்புதற்கில்லை. எண்ணிப் பார்ப்பதே சிறந்தது. கழற்றிய அச்சாயின் ஒரு பக்கத்து ஹப்பை அசையாது பிடித்து, மற்றதைச் சரியாக 16 சுற்றுச் சுற்றுக. ஒரு பக்கம் நிலைத்திருக்கும்போது கிரவுன் சக்கரம் அதில் பாதி, அதாவது 8 சுற்றே சுழலும். அப்போது பினியன் 43 சுற்றுச் சுழன்றால் விகிதம் 43க்கு 8, அதாவது ஏறத்தாழ 5.38, 39 சுற்றாயின் ஏறத்தாழ 4.88. போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பின் விகிதம் 4.88, பின்னர் வந்த பொதுமக்கள் ஜீப்பின் விகிதம் 5.38. முன்னச்சு ஒரு விகிதமும் பின்னச்சு வேறு விகிதமும் உடைய வண்டியை நான்கு சக்கர இயக்கத்தில் கெட்டித் தரையில் ஓட்டினால், இரு அச்சுக்களும் ஒன்றையொன்று முறுக்கும். இறுதியில் ஏதேனும் ஓர் உறுப்பு முறியும்.

மூன்றாவது, சக்கரத்தின் பாரம் எதன்மேல் நிற்கிறது என்பது. முழு மிதவை அச்சில் சக்கரத்தின் ஹப், கூட்டின் முனையிலுள்ள இரு பேரிங்குகளின்மேல் சுழல்கிறது. பாரத்தைக் கூடு தாங்குகிறது. தண்டு முறுக்கத்தை மட்டும் ஏற்கிறது. அரை மிதவை அச்சிலோ சக்கரம் தண்டின் முனையிலேயே பொருந்தியுள்ளது. ஆதலின் தண்டு முறுக்கத்தோடு வளைவையும் தாங்குகிறது. சக்கரத்தின் நடுவே துருத்தி நிற்கும் ஹப்பும், அதன் வெளிமுகத்தில் சிறு போல்ட்டுகளின் வட்டமும் முழு மிதவைக்கு அடையாளம். கூம்பு முனையில் ஒரே பெரிய நட்டு இருப்பின் அது அரை மிதவை. முழு மிதவையில் தண்டு முறிந்தாலும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும். அரை மிதவையில் தண்டு வெளிமுனையில் முறிந்தால் சக்கரமும் பிரேக்கு உருளையும் சேர்ந்தே கழலும். போர்க்கால ஜீப்பின் பின்னச்சு உருவில் சிறியது. ஆயினும் முழு மிதவை. பிற்கால ஜீப்புகளின் பெரிய பின்னச்சோ அரை மிதவை. உருவின் பருமையோ, கூட்டில் வார்த்துள்ள எண்ணோ வலிமைக்கு முழுச் சான்றாகாது என்பது இதனால் விளங்கும்.

தண்டின் முறுக்க வலிமை விட்டத்தின் கனத்தைப் பொறுத்து, அதாவது விட்டத்தை மும்முறை பெருக்கிவரும் அளவைப் பொறுத்து, வளர்கிறது. ஒரே வகை எஃகாயின், 30 மில்லிமீட்டர் தண்டைவிட 33 மில்லிமீட்டர் தண்டு பத்தில் ஒரு பங்கே பருமனானது. வலிமையோ மூன்றில் ஒரு பங்கு மிகுதி. ஆனால் தண்டின் மிக ஒடுங்கிய இடத்தையே அளத்தல் வேண்டும். அது பெரும்பாலும் ஸ்பிளைன் பற்களின் அடிப்பகுதியாகும்.

அவ்வலிமை போதுமா என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஜீப்பின் எஞ்சின் ஏறத்தாழ 14.5 கிலோகிராம்-மீட்டர் முறுக்கம் தருகிறது. முதற்கியரும் தாழ்விகிதமும் அச்சின் 5.38 விகிதமும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 37 மடங்காக்குகின்றன. தேய்மான இழப்பை நீக்காது கணக்கிட்டால் சக்கரங்களில் மொத்தம் 537. ஆனால் 500 கிலோகிராம் பாரம் தாங்கும் சக்கரம், உராய்வுக் கெழு 0.7 ஆகவும் ஆரம் 0.36 மீட்டராகவும் இருப்பின், 126 கிலோகிராம்-மீட்டருக்கு மேல் ஏற்காது வழுக்கிவிடும். அவ்வழுக்கலே தண்டைக் காக்கிறது. பாரத்தை இரட்டித்தால் அவ்வரம்பு 252 ஆகிறது. பெரிய டயர் பூட்டினால் அது இன்னும் உயரும். சேற்றில் வீணே சுழலும் சக்கரம் திடீரெனக் கற்பாறையைப் பற்றினால் விசை இதனையும் கடக்கும். எனவே, ‘இவ்வச்சு வலியதா?’ என்று வினவுதல் போதாது. ‘எப்பாரத்திற்கு, எந்த டயருக்கு, எந்நிலத்திற்கு வலியது?’ என்றே வினவுதல் வேண்டும்.

பயன்படுத்திய தண்டில் இக்கணக்குக்குப் புலப்படாத பகை ஒன்று உண்டு. அதுவே உலோகச் சோர்வு. 1842 மே 8 அன்று பிரான்சில் வெர்சேயிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதின்மருக்கு மேல் மாண்டனர். பிற்பாடு, ஜெர்மானியப் பொறியியலார் வோலர் ரயில் அச்சுக்களை நெடுங்காலம் ஆராய்ந்தார். ஒருமுறை ஏற்றினால் முறிக்க இயலாத சிறு விசையும், இலட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் எஃகை முறிக்கும் என்று அவர் காட்டினார். வெடிப்பு மயிரிழையாய்த் தோன்றிச் சிறிது சிறிதாக உட்செல்லும். அவ்வாறு முறிந்த முகத்தில், கடற்கரை மணலில் அலை விட்ட கோடுகள் போன்ற வரிகளைக் காணலாம்.

இவ்வெடிப்பைக் கண்டுபிடிக்க எளிய முறை ஒன்று உண்டு. தண்டை நன்கு துடைத்து அரைமணி நேரம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மீண்டும் உலரத் துடைத்து, மேலே சுண்ணப்பொடியை மெல்லப் பூசுக. வெடிப்பினுள் தங்கிய எண்ணெய் கசிந்து பொடியின்மேல் கருங்கோடாய்த் தோன்றும். ஸ்பிளைன் முனை, சாவித்தடம், விளிம்புத் தட்டு தொடங்கும் மூலை ஆகிய மூன்றிடங்களையும் கூர்ந்து நோக்குக. இம்முறை மேற்பரப்புக்கு எட்டிய வெடிப்பையே காட்டும். ரயில்வேப் பட்டறைகளில் அச்சின் உட்பகுதியைக் கேளா ஒலியலை கொண்டு சோதிக்கின்றனர். ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அத்தகைய சோதனையை நாடுவதே முறை.

பின்வருவனவற்றுள் எது காணப்படினும் தண்டை விலக்குக: ஸ்பிளைன் பற்கள் நேராக இன்றித் திருகியிருத்தல், சமதளத்தில் உருட்டும்போது தள்ளாடல், பேரிங்கு உட்காரும் இடத்தில் வெல்டு வைத்துக் கடைந்த தடம், வெடிப்புக் கோடு. முறிந்த தண்டை வெல்டு செய்து மீண்டும் பூட்டுதல் ஒருபோதும் கூடாது. வெல்டின் வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுத்துப் புதிய வெடிப்புக்கு இடந்தரும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தைச் சுண்ணக்கட்டி கொண்டு வகுப்பில் விளக்கலாம். கட்டியை வளைத்தால் குறுக்கே நேராக முறியும்; இரு முனைகளையும் பிடித்துத் திருகினால் சரிந்த திருகுமுகமாக முறியும். மிகக் கடினமாகப் பதமிட்ட அச்சுத்தண்டும் முறுக்கத்தால் முறியும்போது இத்தகைய முகத்தைக் காட்டும். முறிந்த தண்டைக் குப்பையில் எறியுமுன் அதன் முகத்தைப் பார்த்தறியும் பழக்கம் களப்பணியாளருக்கு வேண்டும். திருகுமுகமாயின் ஒருமுறை வந்த மிகுவிசையையும், அலைவரிகளாயின் நெடுநாட் சோர்வையும் அது உணர்த்தும். காரணத்தை அறிந்து நீக்காது மற்றொரு பழைய தண்டைப் பூட்டினால் அதுவும் அவ்வாறே முறியும்.