கொழுந்தறையும் லயன் காம்பராவும்: வீட்டுக் காற்றோட்டம் பற்றிய சில குறிப்புகள்

பேராதனைப் பல்கலைக்கழகத்திற்கும் கண்டி நகருக்கும் அரணாக நிற்கும் ஹந்தானை மலைச் சரிவில், 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்த அக்கட்டடம் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அங்கு செல்வோர் பழைய இயந்திரங்களைப் பார்த்துவிட்டு, மேல்மாடியில் தேநீர் அருந்தித் திரும்புவர். மாடிதோறும் வரிசையாக அமைந்த யன்னல்கள் எதற்காக என்று கேட்போர் குறைவு.

அவை கொழுந்துக்காக அமைக்கப்பட்டவை. பறித்த கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் நீரே. அந்நீரின் ஒரு பகுதியைப் பல மணி நேரம் காற்றுப்படச் செய்து போக்குவதே வாட்டுதல். இதன் பொருட்டு மேல்மாடிகளில் சாக்குத் தட்டுகளை அடுக்கிக் கொழுந்தைப் பரப்பினர். எதிரெதிர்ச் சுவர்களில் யன்னல் வைத்தனர். காற்று அசையாத நாட்களில் பெரிய விசிறிகளைக் கொண்டு அதனை இழுத்தனர். காற்றுக் குறைந்தால் கொழுந்து கெடும், விலையும் விழும் என்பதைத் தோட்ட முதலாளிகள் நன்கறிந்திருந்தனர்.

அதே முதலாளிகள் அதே மலைகளில் தொழிலாளருக்கென அமைத்த லயன்களை இதனோடு ஒப்பிடுதல் தகும். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு காம்பரா. முன்னால் ஓர் இஸ்தோப்பு. இரட்டை லயன்களில் இரு வரிசைக் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின்சுவர் பொதுச்சுவர், பக்கச் சுவர்களும் அவ்வாறே. ஆகவே காற்று நுழையக்கூடிய ஒரே பக்கம் முன்பக்கம். குடும்பம் பெருகியபோது இஸ்தோப்பையும் அடைத்து அடுப்பு வைத்தனர். எஞ்சியிருந்த அந்த ஒரு வழியிலும் இதனால் புகை நிறைந்தது.

இதிலுள்ள பௌதிகம் எளியது. காற்று ஓர் அறைக்குள் புக வேண்டுமாயின், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்புகள் இருப்பின், காற்று மோதும் பக்கத்திற்கும் மறைவுப் பக்கத்திற்கும் இடையிலான அழுத்த வேறுபாடு அதனைக் குறுக்கே செலுத்தும். காற்றே வீசாத வேளையிலும் சூடான காற்று மேலெழும்; கீழே ஒரு திறப்பும் கூரையை ஒட்டி இன்னொரு திறப்பும் இருந்தால் வீடே ஒரு புகைபோக்கியாகத் தொழிற்படும். ஒரே சுவரில் ஒரு யன்னலும் ஒரு கதவும் மட்டுமே உள்ள அறையில் இவ்விரண்டும் நன்கு நிகழா.

விறகடுப்பின் புகையில் உள்ள நுண்துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்வன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டலின்படி, இரண்டரை மைக்ரோமீற்றருக்குக் குறைந்த துகள்கள் கனமீற்றர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. மூடிய சமையலறையில் விறகு எரியும்போது இவ்வளவு பன்மடங்காகப் பெருகும். காலைப் பிரட்டுக்கு முன் எழுந்து அடுப்பு மூட்டுபவள் பெண். மாலையில் மலையிலிருந்து இறங்கியதும் மீண்டும் மூட்டுபவளும் அவளே. அருகில் தவழும் குழந்தையும் அப்புகையையே சுவாசிக்கிறது. 1980களில் பரவத் தொடங்கிய அனகி என்ற மண்ணடுப்பு விறகைச் சிக்கனப்படுத்தியது உண்மை. ஆயினும் அதற்குப் புகைபோக்கி இல்லை. குறைந்த புகையும் அறைக்குள்ளேயே தங்கிற்று.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியைக் கூறாமற் செல்ல இயலவில்லை. அசாமின் கச்சார்ப் பகுதியில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய சாமுவேல் டேவிட்சன், பின்னர் பெல்பாஸ்ற் நகரில் சிரொக்கோ தொழிற்சாலையை நிறுவித் தேயிலை உலர்த்தும் இயந்திரங்களையும் விசிறிகளையும் செய்தார். 1903இல் திறக்கப்பட்ட பெல்பாஸ்ற் றோயல் விக்ரோறியா மருத்துவமனை அவருடைய விசிறிகளைக் கொண்டே காற்றூட்டப்பட்டது. உள்ளே வரும் காற்றைத் தூய்மையாக்க, நீர் சொரியும் தென்னந்தும்புக் கயிற்றுத் திரைகளினூடாக அதனைச் செலுத்தினர். தேயிலைக்கெனப் பிறந்த நுட்பம் ஐரோப்பிய நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டோரிலிருந்து கூப்பிடு தூரத்திலிருந்த லயனுக்கு அது வரவில்லை. நுட்பம் அறியப்படாததால் நேர்ந்த குறையன்று இது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அண்மைக் காலத்தில் லயன்களுக்கு மாற்றாகத் தனி வீடுகள் எழுகின்றன. இந்திய உதவியுடன் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017இல் மேலும் 10,000 அறிவிக்கப்பட்டன. ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி என்பது இவற்றின் அளவு. நான்கு பக்கமும் வெளிச்சுவர் என்பதே காற்றோட்ட நோக்கில் பெரும் மாற்றமாகும். எனினும் அறையின் இரு சுவர்களில் யன்னல் உண்டா, சமையலறைப் புகைக்குக் கூரைவரை வழி உண்டா என்பன வரைபட நிலையிலேயே கேட்கப்பட வேண்டியவை. பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கினால் உள்ள யன்னலும் அடைபட்டுவிடும். குடும்பம் வளருமென்பதை முன்னுணர்ந்து, சாய்ப்புக்கான இடத்தை வரைபடத்திலேயே காட்டிவிடுவது நன்று. கண்டி வத்தப்புளுவையில் 1950களின் பிற்பகுதியில் வீடமைப்புத் திட்டமொன்றை வகுத்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, குடியேற இருந்தோரிடமே அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். அங்கு கேட்கப்பட்டோர் பெரும்பாலும் அரசாங்க ஊழியர். தோட்டத் தொழிலாளரிடமும் அவ்வாறு கேட்பதில் யாதொரு தடையும் இல்லை.

ஹந்தானைச் சரிவில் எழும் மத்தியதர வர்க்கத்தின் புதுவீடுகள் வேறு வகையில் இடர்ப்படுகின்றன. பழைய வீடுகளில் சுவரின் மேற்பகுதியிலிருந்த துளைக்கற்கள் மறைந்து, திறக்கவியலாத கண்ணாடிகள் வந்துவிட்டன. உலராத கொங்கிறீற்றின் ஈரம், கண்டியின் மழை ஈரம் ஆகியன சேர்ந்து சுவரில் பூஞ்சணம் வளர்க்கின்றன. ஒட்டுப்பலகை அலுமாரிகளிலிருந்து போர்மல்டிகைட்டு வாயு கசிகிறது. அது புற்றுநோய் விளைவிப்பதென 2004இல் சர்வதேச ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது. ஸ்வீடன் போன்ற குளிர்நாடுகளில், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வீடுகளை இறுக அடைத்ததால் இயந்திரக் காற்றூட்டல் இன்றியமையாததாயிற்று. இரண்டு மணிக்கு ஒருமுறை வீட்டின் காற்று முழுதும் மாற வேண்டுமென்பது அங்கு வழங்கும் அளவு. சூடேற்றத் தேவையில்லாத நமக்கு அவ்விறுக்கமும் வேண்டாம். அதற்கான பொறியும் வேண்டாம்.

பொறியை மட்டும் நம்பியிருப்பதன் விளைவை 2022 காட்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி வரை நீண்டது. எரிவாயு கிடையாமல், புகைபோக்கியற்ற நகர வீடுகளிலும் விறகு எரிந்தது. லயன் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த கண்ணெரிச்சலை நகரத்து இல்லத்தரசிகள் சில மாதங்கள் அறிந்தனர். நிலைமை சீரானதும் அதுபற்றிய பேச்சும் ஓய்ந்துபோனது.

புதுவீடு கட்டுவோர், தளம் போடுமுன் கொத்தனாரிடம் கேட்கத்தக்கவை சில: யன்னலுக்கு எதிரே யன்னல், கூரையை ஒட்டி நுளம்புவலை இட்ட திறப்பு, அடுப்புக்கு மேலே கூரைக்கு வெளியே நீளும் குழாய். கட்டிமுடிந்த வீட்டில் குடியிருப்போர், அறைக்கதவைச் சாத்தி ஒரு சாம்பிராணிக் குச்சியை ஏற்றி வைக்கலாம். புகை எந்தப் பக்கமும் சாயாது அறையிலேயே தேங்கி நிற்குமாயின், அவ்வறையில் இரவு முழுவதும் உறங்குவோர் தாம் விட்ட மூச்சையே மீண்டும் உட்கொள்கின்றனர்.